கருவிகளைச் செய்தவர்கள் விடைபெறும் காலம்

பொறியியல் மென்பொருள் துறையைக் கட்டியெழுப்பிய தலைமுறை அரங்கிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. 2024 ஆம் ஆண்டை மாத்திரம் எடுத்துப் பார்த்தாலே இது விளங்கும். அந்த வருடத்தின் முதல் நாளில் பிரெஞ்சு நிறுவனமான டஸோ சிஸ்ரெம்ஸின் பிரதம நிறைவேற்று அதிகாரி பொறுப்பு பேர்னார்ட் ஷார்லெஸிடமிருந்து பஸ்கால் டலோஸுக்குக் கைமாறியது. ஷார்லெஸ் அந்த நிறுவனத்தில் இணைந்தது 1983 ஆம் ஆண்டில். பெப்ரவரியில் அமெரிக்காவின் பி.ரி.சி. நிறுவனத்தின் தலைமையிலிருந்து ஜேம்ஸ் ஹெப்பல்மன் விலகினார். ஜூலையில் பென்ட்லி சிஸ்ரெம்ஸ் நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரி பதவியை கிரெக் பென்ட்லி, அந்தக் குடும்பத்தைச் சேராத ஒருவரிடம் ஒப்படைத்தார். இவற்றுக்கிடையில், அதே பெப்ரவரி மாதத்தின் தொடக்கத்தில், ஓட்டோகாட் மென்பொருளை உலகுக்குத் தந்த ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஸ்தாபகர்களில் முதன்மையானவரான ஜோன் வோக்கர் காலமானார்.

இந்தப் பெயர்கள் எமது பத்திரிகைகளின் முதற்பக்கங்களுக்கு வந்தவையல்ல. ஆனால், கடந்த நான்கு தசாப்தங்களில் உலகில் எழுந்த எத்தனையோ பாலங்களும் மாடிக் கட்டடங்களும் விமானங்களும் மோட்டார் வாகனங்களும் இவர்களும் இவர்களோடு பணியாற்றிய பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோரும் எழுதிய மென்பொருள்களின் ஊடாகவே முதன்முதலில் கோடுகளாக உருப்பெற்றன. 1994 ஜூனில் முதற்தடவையாக வானில் பறந்த போயிங் 777 விமானம், டஸோ நிறுவனத்தின் காட்டியா மென்பொருளைக் கொண்டு முற்றுமுழுதாகக் கணினியிலேயே வடிவமைக்கப்பட்டது. அதைத் திரையில் வரைந்த இளைஞர்கள் இன்று ஓய்வூதிய வயதை எட்டியவர்கள்.

பொறியியல் எனது துறையல்ல. கலைப் பட்டதாரியான நான் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகங்களில் செலவிட்டவன். ஆனால், நீண்டகாலம் ஒரு தொழிலில் இருந்தவர்கள் அதைவிட்டுச் செல்லும்போது எதை எடுத்துச் செல்கிறார்கள், எதை விட்டுச் செல்கிறார்கள் என்ற கேள்வி எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானது. பொறியியல் மென்பொருள் துறையில் அந்தக் கேள்விக்கு மற்றைய இடங்களைவிடக் கூடுதலான கனம் இருக்கிறது. ஏனென்றால் அங்கு தயாரிக்கப்படும் கருவியின் ஆயுள் சில வருடங்கள். அந்தக் கருவியால் வரையப்படும் பாலத்தின் ஆயுளோ நூறு வருடங்களாக இருக்கலாம்.

ஜோன் வோக்கரின் கதை இதனை விளங்கிக்கொள்வதற்கு உதவும். 1982 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஒரு டசினுக்கும் மேற்பட்ட நண்பர்கள் சுமார் 59 ஆயிரம் டொலர் முதலீட்டுடன் ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். எந்தப் பொருள் விலைபோகும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் பல மென்பொருள்களை ஒரே நேரத்தில் எழுதத் திட்டமிட்டார்கள். நிறுவனத்தின் பெயருக்குக் காரணமாக அமைந்த 'ஓட்டோடெஸ்க்' என்பது அலுவலகக் கோப்புகளைப் பராமரிப்பதற்கான ஒரு மென்பொருள். அது கரையேறவில்லை, பெயர் மட்டும் நிலைத்தது. மைக் ரிடில் என்பவர் அதற்கு முன்னரே எழுதியிருந்த 'இன்ரராக்ட்' என்ற வரைதல் மென்பொருளிலிருந்து உருவான ஓட்டோகாட், 1982 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற கொம்டெக்ஸ் கண்காட்சியில் காட்டப்பட்டபோதே, எதிர்காலம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கணினியில் வரைவது அன்று புதிய விடயம் அல்ல. 1963 ஆம் ஆண்டிலேயே மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட் 'ஸ்கெட்ச்பாட்' மூலமாக அதைச் செய்துகாட்டிவிட்டார். ஆனால், அதன் பின்னர் வந்த முறைமைகள் பல்லாயிரக்கணக்கான டொலர் விலையுடையவையாக, விமான, மோட்டார் வாகன நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுபடியாகக்கூடியவையாக இருந்தன. மேசைக் கணினியில் இயங்கக்கூடிய ஒரு வரைதல் மென்பொருளைச் சுமார் ஆயிரம் டொலருக்கு ஓட்டோடெஸ்க் கொடுத்தது. இரண்டு பேர் வேலைசெய்யும் ஒரு சிறிய கட்டடக்கலைஞர் அலுவலகமும் பெரிய நிறுவனங்களின் வசதியைப் பெற முடிந்தது. இலங்கை உட்பட உலகெங்கிலும் வரைபலகைகளும் மைப்பேனாக்களும் மெல்ல மெல்ல மூலைக்குப் போய், படவரைஞர் என்ற சொல்லுக்கே பொருள் மாறியதற்கு இந்த விலைதான் முக்கிய காரணம்.

நிறுவனம் 1985 இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த வருடமே வோக்கர் அதன் தலைமைப் பொறுப்பைத் துறந்து மென்பொருள் எழுதும் வேலைக்குத் திரும்பினார். பதவியின் உச்சத்தில் நிற்கும் ஒருவர் தனக்கு விருப்பமான வேலைக்காகக் கதிரையைக் காலி செய்வது, அரசியலிலும் பத்திரிகைத் துறையிலும் நாம் அபூர்வமாகவே கண்ட காட்சி. 1991 இல், சந்தையைத் திருப்திப்படுத்துவதற்காக இலாப வீதத்தை உயர்த்திக் காட்டிக்கொண்டு புதிய தயாரிப்புகளில் முதலிடத் தவறுகிறார்கள் என்று தனது நிறுவனத்தின் நிர்வாகத்தையே கண்டித்து அவர் ஒரு நீண்ட கடிதத்தை எழுதினார். மைக்ரோசொப்ட் தலைவர் பில் கேட்ஸ் அதே வருடம் மே மாதத்தில் தனது உயரதிகாரிகளுக்கு அனுப்பிய குறிப்பில் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பிரஸ்தாபிக்கும் அளவுக்கு அது பேசப்பட்டது. 1992 இல் கரொல் பார்ட்ஸ் நிறுவனத்தின் தலைமைக்குக் கொண்டுவரப்பட்டார். 1994 இல் வோக்கர் முழுமையாக விலகினார். அப்போது அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

அதன் பின்னர் ஏறத்தாழ 30 வருடங்கள் அவர் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் எதையும் விற்றுச் சம்பாதிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. 'ஃபூர்மிலாப்' என்ற தனது இணையத்தளத்தில் பூமியையும் சந்திரனையும் விண்ணிலிருந்து பார்ப்பதுபோன்று காட்டும் மென்பொருளையும், கதிரியக்கச் சிதைவிலிருந்து எழுமாற்று எண்களைப் பெற்று எவருக்கும் வழங்கும் சேவையையும், உடல் எடையை ஒரு பொறியியல் பிரச்சினையாகக் கருதி எழுதிய நூலையும் இலவசமாக வைத்தார். அரசாங்கங்களும் வர்த்தக நிறுவனங்களும் இணையத்தின் சுதந்திரத்தை எவ்வாறு மெதுவாகக் கட்டுப்படுத்தக்கூடும் என்று 2003 இலேயே விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். வேலை போன பின்னரும் தொழில் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம்.

கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான பங்குகளை வைத்திருந்த ஒருவர் ஓய்வுகாலத்தில் எதை வேண்டுமானாலும் செய்யலாம், மாதச் சம்பளத்தில் 35 வருடங்கள் உழைத்து வீடு செல்லும் சாதாரண மென்பொருள் பொறியியலாளருக்கு அது எவ்வாறு முன்மாதிரியாகும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வோக்கரின் செல்வமோ அவரது சுவிஸ் வாழ்க்கையோ எவருக்கும் முன்மாதிரியாக முடியாது. நான் கவனத்தில் கொள்வது அவர் செய்த வேறொரு காரியத்தை. 1982 ஜனவரியில் நண்பர்களுக்கு எழுதிய முதலாவது அறிக்கையிலிருந்து, நிறுவனத்தின் கடிதங்களையும் குறிப்புகளையும் கருத்து முரண்பாடுகளையும் தோல்வியில் முடிந்த திட்டங்களையும் தொகுத்து 'த ஓட்டோடெஸ்க் ஃபைல்' என்ற பெயரில் எவரும் வாசிக்கக்கூடியவாறு அவர் வெளியிட்டார். அதற்குச் செல்வம் தேவையில்லை. என்ன செய்தோம் என்பதோடு ஏன் அவ்வாறு செய்தோம் என்பதையும் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே தேவை.

அந்த 'ஏன்' என்ற சொல்லில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது. இன்றைய முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்களில் ஒரு பொருளின் வடிவம் மாத்திரம் பதிவாவதில்லை. எந்தத் துளை எந்த விளிம்பை வைத்து அளக்கப்பட்டது, எந்த அளவை மாற்றினால் எவையெல்லாம் கூடவே மாறவேண்டும் என்ற படிமுறையும் பதிவாகிறது. சாமுவேல் கைஸ்பேர்க் 1985 இல் ஆரம்பித்த பாராமெற்றிக் டெக்னொலஜி நிறுவனம், அதாவது இன்றைய பி.ரி.சி., 'புரோ எஞ்சினியர்' மென்பொருள் மூலமாக இந்த முறையைப் பரவலாக்கியது. ஆனால், ஒரு நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அந்தக் கோப்பைக் கொண்டு செல்லும்போது பெரும்பாலும் வடிவம் மட்டுமே போய்ச்சேருகிறது. 1994 இல் முதற்தடவையாக வெளியிடப்பட்ட ஐ.எஸ்.ஓ. 10303 என்ற சர்வதேச நியமம் வடிவத்தை நன்றாகவே கடத்துகிறது. வடிவமைத்தவரின் படிமுறையோ வழக்கமாக வழியில் தங்கிவிடுகிறது.

ஓய்வுபெறும் பொறியியலாளருக்கும் இதேதான் நிகழ்கிறது. அவர் வரைந்தது நிறுவனத்திடம் இருக்கிறது. அவர் அதை அவ்வாறு வரைந்ததற்கான காரணம் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. கோடு எஞ்சுகிறது, காரணம் மறைந்துவிடுகிறது. பிரியாவிடை விருந்தும் நினைவுச் சின்னமும் கொடுத்து அனுப்புகின்ற நிர்வாகம், இறுதி நாளில் அவரிடம் அனுமதி அட்டையையும் மடிக்கணினியையும் கேட்டு வாங்குவதற்கு மறப்பதில்லை. நீங்கள் எழுதியவற்றில் எதை நாங்கள் ஒருபோதும் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது என்ற கேள்வியைக் கேட்பதற்குத்தான் மறந்துவிடுகிறது.

இதனால் வரும் பாதிப்பு கற்பனையானதல்ல. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் 2020 ஏப்ரலில், கொரோனா நெருக்கடியின் மத்தியில், கோபோல் மொழி தெரிந்தவர்கள் முன்வந்து உதவவேண்டும் என்று பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். வேலையிழந்தோருக்கான கொடுப்பனவுகளைக் கையாளும் பழைய முறைமைகள் 1959 இல் உருவாக்கப்பட்ட அந்த மொழியில் எழுதப்பட்டிருந்தன. அவற்றை அறிந்தவர்களில் அநேகர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். பொறியியல் துறையிலும் நிலைமை வேறல்ல. கட்டமைப்புகளின் வலிமையைக் கணிப்பதற்காக 1960 களில் நாசாவுக்கென எழுதப்பட்ட நாஸ்ட்ரான் மென்பொருளின் வழித்தோன்றல்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒருவர் எடுத்த தீர்மானங்களின் மீது இன்றைய விமானங்களின் கணக்குகள் நிற்கின்றன.

கருவிகளைப் பற்றிய அறிவு எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு ஏர்பஸ் ஏ380 விமானமும் சாட்சி. 2006 இல் அந்த விமானத்தின் தயாரிப்புத் தாமதம் ஐரோப்பாவையே உலுக்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளமான மின்கம்பிகள், பொருத்தும்போது இடத்துக்குப் பொருந்தவில்லை. ஜேர்மனியில் உள்ளவர்கள் காட்டியாவின் நான்காவது பதிப்பையும் பிரான்ஸில் உள்ளவர்கள் ஐந்தாவது பதிப்பையும் பயன்படுத்தியமை அதற்கான முக்கிய காரணங்களில் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. ஒரே பெயரைக் கொண்ட மென்பொருள், ஒரே விமானம், இரு பதிப்புகள். விநியோகம் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் பின்தள்ளிப்போனது. இரு பதிப்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தமது விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் எந்த நிறுவனத்திலும் சிலர் இருப்பார்கள். அவர்களின் பதவிப்பெயர் பெரிதாக இருக்காது. அவர்கள் ஓய்வுபெறும் நாளில் செய்தி அறிக்கையும் வெளிவராது.

அறிவின் கதை இப்படியென்றால், கருவியின் கதை இன்னும் சங்கடமானது. வரைபலகையின் காலத்தில் ஓய்வுபெற்ற ஒரு படவரைஞர் தனது கருவிப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. மகனின் வீட்டுக்கோ கோயில் மண்டபத்துக்கோ ஒரு படம் வரைந்து கொடுப்பதற்கு அது போதும். மென்பொருளின் முதல் தசாப்தங்களிலும் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கியதை வைத்துக்கொள்ள முடிந்தது. ஓட்டோடெஸ்க் நிறுவனம் 2016 ஜனவரி 31 ஆம் திகதியுடன் தனது பெரும்பாலான தனித்தனி மென்பொருள்களின் நிரந்தர அனுமதிகளைப் புதிதாக விற்பதை நிறுத்தியது. சந்தா செலுத்தும் வரையில் கருவி வேலைசெய்யும். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஒருவரின் 35 வருடக் கைப்பழக்கம் அவரிடம் இருக்கிறது, வரைந்த கோப்பின் பிரதியும் இருக்கலாம், அதைத் திறப்பதற்கு மட்டும் மாதாந்தம் வாடகை கொடுக்கவேண்டும். ஆயிரம் டொலருக்குச் சாதாரணர்களின் மேசைக்குக் கருவியைக் கொண்டுவந்த துறை, சாதாரணர்கள் ஒருபோதும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாத கருவியைத் தரும் துறையாக மாறியிருப்பது ஒரு விசித்திரமான சுற்று.

சந்தா முறைக்கும் நியாயங்கள் சொல்லப்படுகின்றன. ஆரம்பச் செலவு குறைவு, எப்போதும் புதிய பதிப்பு கிடைக்கிறது, பாதுகாப்புக் குறைபாடுகள் விரைவாகத் திருத்தப்படுகின்றன என்கிறார்கள். அவற்றை மறுப்பதற்கில்லை. ஓட்டோகாட்டின் புதிய பதிப்புகள் பல வருடங்களுக்கு முந்திய கோப்புகளையும் திறக்கின்றன என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால், திறக்கும் உரிமை ஒரே நிறுவனத்தின் வர்த்தகத் தீர்மானத்தில் தங்கியிருப்பதுதான் பிரச்சினை. அந்தப் பயத்தினால்தான் 1998 இல், ஓட்டோகாட்டின் கோப்பு வடிவத்தை வேறு மென்பொருள்களும் வாசிப்பதற்கு வழிசெய்யும் நோக்குடன் பல நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தன. இன்று 'ஓப்பன் டிசைன் அலையன்ஸ்' என்று அழைக்கப்படுவது அந்தக் கூட்டமைப்பே. விமானத் தொழிற்றுறையினரும் வடிவமைப்புத் தரவுகளைப் பல தசாப்தங்களுக்குப் பேணுவதற்கென 'லோற்றார்' என்ற பெயரில் தனியான நியமங்களை வகுத்துவருகிறார்கள். ஒரு விமானம் அதை வரைந்த மென்பொருளைவிட நீண்டகாலம் வாழும் என்பது அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியானது 1962 இல் கட்டப்பட்டது. 2050 கள் வரை அவற்றைப் பறக்கவைப்பதற்குத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கவலை ஏன் எனக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை என்றால், தமிழ்ப் பத்திரிகையாளர்கள் இதை ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள். ஈய எழுத்துக்களைக் கோர்த்த அச்சுக்கோப்பாளர்களின் இடத்தைக் கணினி பிடித்தபோது, இலங்கையில் நாம் 'பாமினி' போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் எழுதி, 'பேஜ்மேக்கர்' மென்பொருளில் பக்கங்களை அமைத்தோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பிரதான பதிப்பு வெளியானது 2001 இல். நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில் அக்காலத்துப் பக்கங்களைக் கொண்ட இறுவட்டுகள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. பின்னாளில் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவற்றில் புரியாத குறிகளே தெரிந்தன. எந்தப் பக்கத்தில் எந்த எழுத்துரு பயன்படுத்தப்பட்டது என்பதை அறிந்திருந்த பக்க வடிவமைப்பாளர் ஓய்வுபெற்றுச் சென்றுவிட்டார். அவரிடம் எவரும் எழுதி வாங்கவில்லை. அதே நாட்களின் அச்சுப் பிரதிகளோ மஞ்சளேறியிருந்தாலும் வாசிக்கக்கூடியனவாகவே இருக்கின்றன. எங்களுக்குப் போனது சில கட்டுரைகள். அணைக்கட்டு ஒன்றின் வரைபடத்துக்கு இந்தக் கதி நேர்ந்தால் இழப்பு அவ்வளவோடு நின்றுவிடாது.

ஆகவே, இந்தத் துறையில் ஓய்வு என்பது தனிநபரின் சேமலாப நிதிக் கணக்கோடு முடிந்துவிடும் விடயமாக இருக்கக்கூடாது. நிறுவனங்கள் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவையுமல்ல. ஓய்வுக்கு முந்திய இறுதி வருடத்தில், மூத்த பொறியியலாளரின் வேலை நேரத்தில் ஒரு பகுதியைத் தனது தீர்மானங்களுக்கான காரணங்களை எழுதுவதற்கென ஒதுக்கிக் கொடுக்கலாம். அதை இளையவர் ஒருவர் அருகிலிருந்து கேள்வி கேட்டு எழுத வைப்பாரானால் இன்னும் நல்லது. அனுபவசாலிகளுக்கு எது வெளிப்படையானது, எது மற்றவர்களுக்குத் தெரியாதது என்ற வேறுபாடு புலப்படுவதில்லை. அந்தக் குறிப்புகள் எந்த மென்பொருளும் இன்றி வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துக்களில் இருக்கவேண்டும். மென்பொருள் விற்கும் நிறுவனங்களைப் பொறுத்தவரை, தமது கருவியோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவர்களுக்குச் சொந்தப் பாவனைக்கான அனுமதி ஒன்றைக் கொடுப்பதால் அவை நட்டப்பட்டுவிடப் போவதில்லை. பாடசாலை மாணவர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இலவச அனுமதி வழங்குவது நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. நாளைய வாடிக்கையாளருக்குக் காட்டும் தாராளத்தை நேற்றைய வாடிக்கையாளருக்கும் காட்டலாம்.

வர்த்தக இரகசியங்கள் வெளியே போய்விடும் என்று நிர்வாகங்கள் அஞ்சக்கூடும். வோக்கரைப் போன்று எல்லாவற்றையும் உலகத்தின் முன்னால் வைக்கவேண்டியதில்லை. நிறுவனத்தின் உள்ளேயாவது இருக்கவேண்டும் என்பதே கோரிக்கை. இரகசியம் என்று பூட்டிவைப்பதற்குக்கூட அது முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? எழுதப்படாத அறிவை எந்தப் போட்டி நிறுவனமும் திருடத் தேவையில்லை. ஓய்வுபெறுபவரோடு அது தானாகவே போய்விடுகிறது.

ஓய்வுபெறுகிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. தன்னை விட்டால் ஆளில்லை என்ற நிலைமையை ஒருவித பெருமையாகக் கருதி, தெரிந்தவற்றைத் தம்முடனேயே வைத்துக்கொள்பவர்களை எல்லாத் தொழில்களிலும் கண்டிருக்கிறோம். வேலை பறிபோகும் என்ற அச்சம் இருக்கும் காலத்தில் அதைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால், போவது நிச்சயமான பின்னர் அந்த மௌனத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஓட்டோடெஸ்கின் தலைமைக் கதிரையில் வோக்கருக்குப் பின்னர் எத்தனையோ பேர் அமர்ந்துவிட்டார்கள். அவர் எழுதிய நிரல் வரிகளும் பெரும்பாலும் மாற்றி எழுதப்பட்டிருக்கும். 1982 இல் ஒரு சிறு கூட்டம் எதை நம்பி, எதற்குப் பயந்து, ஏன் அந்த முடிவுகளை எடுத்தது என்பதை இன்று எங்கோ ஒரு நாட்டில் ஒரு மாணவர் வாசித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த மனிதர் வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை என்பதே.